சின்னவள் வைத்த சிவப்பு

மழை இன்றோடு விட்டுவிடும் என்று வானொலியில் தினமும் சொன்னார்கள். மழைக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். ஊரில் பாதி இடத்தில் மின்சாரம் இல்லை. ஓடாத லிஃப்டைப் பழுதுபார்க்க யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதால் லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கும் வேலை இல்லை.

அவனைப் பொறுத்தவரை அது மழையைவிடப் பெரிய கஷ்டம். ஒரு இடத்தில் கால் தரிக்காத ஆள் அவன். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி என்று நடந்துகொண்டே இருந்தான். நடுவில் அவனுடைய இரண்டு மகள்களும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

"அப்பா, நீங்க நடக்கறதப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் பெரியவள். அவளுக்குப் பதினொரு வயது. பேச்சில் நாற்பது.

அடுப்படிக் கதவு நிலையில் இடித்தது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று இழைப்புளியை எடுத்து விளிம்பைச் சீவினான். மறுநாள் மறுபடி இடித்தது. மறுபடி சீவினான். கைக்கு வேலை கிடைத்ததில் அவனுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அவன் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரத்த வங்கியில் வேலை பார்த்தாள். பாலம் மூடியதிலிருந்து அங்கேயே தங்கிவிட்டாள். தொலைபேசியில் கதவுக் கதையைக் கேட்டுவிட்டு, "இப்படியே சீவிட்டிருந்தா நான் வரும்போது கதவு இருக்காது, பல்குச்சிதான் இருக்கும்" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "புள்ளைங்களோட உட்காருங்க கொஞ்சம். டீச்சர் ஏதோ படம் வரையச் சொல்லி அனுப்பியிருக்காங்களே" என்றாள்.

பள்ளியின் ஓவிய டீச்சர் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். மேஜையில் செல்பேசியை நிறுத்திவைத்து மூன்று பேரும் கேட்டார்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி சில ஓவியர்கள் அறையை விட்டு வெளியே போய், பொருளை வரையாமல் அதன்மேல் விழுகிற வெளிச்சத்தை வரைந்தார்கள், அதற்கு இம்ப்ரெஷனிசம் என்று பேர் என்று டீச்சர் சொன்னார். கோடு போடக் கூடாது. கறுப்பைத் தொடக் கூடாது. நிறங்களைத் தட்டில் போட்டுக் குழப்பாமல் புள்ளியும் தீற்றலுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கவேண்டும். வீட்டு ஜன்னலில் தெரிகிற காட்சி ஒன்றையே தினமும் ஒரு தடவை வரையவேண்டும். கடைசியில் டீச்சர் சொன்னது: "அங்க என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியுதோ அதை வரையாதீங்க. என்ன தெரியுதோ அதை வரைங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் அவன்.

"ஒண்ணு இல்லப்பா" என்று பெரியவள் சலித்துக்கொண்டாள். ஆனால் எப்படி வேறு என்று விளக்க அவளாலும் முடியவில்லை.

ஏழு வயதுச் சின்னவளின் வாயில் இம்ப்ரெஷனிசம் நுழையவில்லை. அவள் அதை இம்சையிசம் என்றாள். அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது.

*

அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே கோணலாக இறங்கும் மலைச்சரிவுதான். மேலும் கீழுமாக எட்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பு சரிவின் அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சரிவின் உச்சியில் ஒரு சாலை. சாலையோரம் விளக்குக் கம்பங்கள். அதற்குக் கீழே வரிசையாக உயரமான மரங்கள். நடுவே, பாறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மழைநாளில் மட்டும் உயிர் வருகிற ஒரு நீரோடை நூல் மாதிரி இறங்கும்.

தூரிகை ஒன்றுதான் இருந்தது. அதைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள். சின்னவளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சிகளைக் கட்டாகக் கொடுத்தான். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டி வானத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பழைய பல்துலக்கி, முள்கரண்டி எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கம் காகிதம் ஆயிற்று. தரையில் செய்தித்தாள் விரித்தும், முதல் பத்து நிமிஷத்தில் சின்னவளின் முழங்கையிலும் தண்ணீர்க் குடத்திலும் ஊதா ஏறிவிட்டது.

"எல்லாம் சாம்பலாத்தானே இருக்கு, சாம்பல் அடிச்சு முடிங்க" என்றான் அவன், நடந்துகொண்டே.

"இல்லப்பா, கண்ணைப் பாதி மூடிப் பாருங்க" என்றாள் பெரியவள்.

பார்த்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, சாம்பல் என்று நினைத்த வானத்தின் ஓரத்தில் ஒரு ஊதா, மரங்களுக்கு அடியில் மயில் கழுத்துப் பச்சை, ஈரப்பாறையில் யாரோ தடவிவிட்டதுபோல ஒரு மஞ்சள். ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆச்சரியத்தில் அரை நிமிஷம்கூட அவனால் நிற்க முடியவில்லை. எங்கோ குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போனான். குழாய் சொட்டவில்லை.

திரும்பி வந்து அவனும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வைத்த புள்ளிகளில் தாள் கிழிந்தது. "நீ வைக்கலப்பா, குத்துற" என்றாள் சின்னவள்.

பெரியவளின் கை வேறு. அவள் வைத்த தீற்றல்கள் கிட்டத்தில் கலைந்து கிடந்தன. எட்டிப்போய்ப் பார்த்தால் சட்டென்று ஒரு மலையாகி நின்றன. மரங்கள் ஒவ்வொன்றும் நெட்டுக்குத்தாக, நிழலோடு, பக்கத்து மரத்துக்குச் சரியாக இடம்விட்டு நின்றன. சின்னவளின் தாள் ஏதோ சண்டை நடந்த இடம் மாதிரி இருந்தது. இரண்டையும் அடுப்படிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான். பெரியவள் தன் படத்தைக் கதவோரம் நின்று ஒரு தடவை, வாசலிலிருந்து ஒரு தடவை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு தடவை பார்த்தாள்.

மறுநாளும் வரைந்தார்கள். அன்றும் மழை. இரவெல்லாம் கூரையில் கொட்டிய சத்தத்தில் அவனுக்குச் சரியாகத் தூக்கமில்லை. காதுக்குள் ஏதோ பிசகிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் கூண்டுக்குள் நின்றால் எந்த உருளையில் எண்ணெய் இல்லை என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவான். அதே மாதிரி இந்த வீட்டிலும் ஏதோ ஒரு சத்தம் சரியில்லை. என்னவென்றுதான் பிடிபடவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒருநாள் விடிகாலையில் கேஸ் கசிகிற வாடை அடிக்கிறது என்று கதவு கதவாகத் தட்டி, குடியிருப்பில் இருந்த அத்தனை பேரையும் தூக்க உடையிலேயே தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். தீயணைப்பு வண்டி வந்தது. ஆட்கள் வீடு வீடாக முகர்ந்து பார்த்து, கடைசியில் மாடி வீட்டுத் தையலக்காவின் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு அழுகிய உருளைக்கிழங்கை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து குடியிருப்பில் அவன் பெயர் சைரன். குழந்தைகள்கூட "சைரன் மாமா" என்றுதான் கூப்பிட்டன. அவனும் சிரித்துக்கொள்வான். ஆனால் அன்று உடைபட்ட மூக்கு இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

*

மூன்றாவது படம் வரைந்த அன்று மழை கொஞ்சம் தணிந்திருந்தது. அவன் மறுபடியும் கதவைச் சீவிக்கொண்டிருந்தான். ஜன்னலடியில் சண்டை கேட்டது.

"மரம் எங்கடி இப்படி நிக்கும்? குடிச்சிட்டு நிக்கற மாதிரி?"

"அப்படித்தான் நிக்குது!"

"மரம் நேராத்தான் நிக்கும். தண்ணிக்கு எவளாவது சிவப்பு வைப்பாளா? ஓடைன்னா வெள்ளைதான். நேத்து நீயே வெள்ளைதான வச்ச?"

"நேத்து வெள்ளை. இன்னிக்கு சிவப்பு. எனக்குத் தெரியறதைத்தான் வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்க! அப்பா, இவளப் பாருப்பா, என் குச்சியப் புடுங்கறா!"

அவன் இழைப்புளியோடு எழுந்து வந்தான். பஞ்சாயத்துப் பண்ணுகிற மனநிலையில்தான் வந்தான். சின்னவளின் தாளில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, அதாவது சரிவு இறங்கும் பக்கமாக, தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தன. நடுவே, செங்கல்லை அரைத்து ஊற்றியதுபோல, ஓடை சிவப்பாக இறங்கியது.

"காத்துல சாய்ஞ்சிருக்கும்மா" என்றான்.

"காத்து எங்கப்பா அடிக்குது?" என்றாள் சின்னவள்.

அடிக்கவில்லை. மேலே சாலையோரத்தில் யாரோ மாட்டியிருந்த விளம்பரத் துணி அசையாமல் தொங்கியது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தினமும் பார்க்கிற சரிவு. தினமும் பார்க்கிற மரம். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு, தன்னையறியாமல், கண்ணைப் பாதி மூடினான்.

இலைகள் மறைந்தன. மரங்கள் வெறும் இருட்டுக் கோடுகளாயின. அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாக, கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. ஓடை, ஆமாம், சிவப்பாக ஓடியது.

திரும்பிச் சுவரைப் பார்த்தான். சின்னவளின் முதல் படத்தில், அந்தக் குச்சிச் சண்டைக்கு நடுவிலும், மரங்கள் நேராக நின்றன. இரண்டாவதில் ஓரத்து மரங்கள் கொஞ்சம் குனிந்திருந்தன. மூன்றாவது ஈரம் காயாமல் மேஜையில் கிடந்தது. பெரியவளின் மூன்று படங்களிலும் மரங்கள் நெட்டுக்குத்தாக, அழகாக, மாறாமல் நின்றன.

இழைப்புளியைக் கீழே வைத்தான். உள்ளே ஒரு குரல் கேட்டது: உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு.

வேலைப் பையிலிருந்து தூக்குக் குண்டை எடுத்தான். லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு. அதை ஜன்னலில் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நூலையும் மேலே இருந்த விளக்குக் கம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். அடியில் சேர்ந்தன. உச்சியில் சேரவில்லை. பக்கத்துக் கம்பமும் சேரவில்லை. நூலை நகர்த்தி அடுப்படிக் கதவு நிலைக்கு வைத்தான். நிலையும் சாய்ந்திருந்தது. அத்தனை நாள் அவன் சீவியது ஈரத்தில் ஊதிய மரத்தை அல்ல.

மனைவியைக் கூப்பிட்டான்.

"சொன்னா சிரிப்ப" என்றான்.

"சிரிக்க இங்க நேரமில்ல. சொல்லுங்க."

சொன்னான். அந்தப் பக்கம் கண்ணாடிக் குப்பியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இது நீங்க பார்த்ததா, சின்னது பார்த்ததா?"

"சின்னது வரைஞ்சுது. அப்புறம்தான் நான் பார்த்தேன்."

"அப்ப கிளம்புங்க" என்றாள்.

அது அவனைச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் அடுத்த அடி வைக்க முடிந்தது.

*

மீட்புப்படை அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை அடித்த பிறகு இணைப்புக் கிடைத்தது. ஊரெல்லாம் வெள்ளம், வண்டி வரத் தாமதமாகும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடக் கூடத்துக்குப் போய்விடுங்கள், அங்கே ஆள் இருக்கிறது என்றார்கள். அவன் சுவரிலிருந்து சின்னவளின் இரண்டு படங்களைக் கிழியாமல் உரித்து, மூன்றாவதோடு சேர்த்துச் சுருட்டி மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டான். பெண்களுக்குச் செருப்பை மாட்டிவிட்டான். பெரியவள் தன் பையைத் தோளில் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடியிருப்பின் செயலாளர் கோடிவீட்டு மருந்துக்கடைக்காரர். கதவைத் திறந்தவர் அவன் முகத்தைப் பார்த்ததும், "என்ன சைரன், இன்னிக்கு என்ன காய்?" என்றார்.

"அண்ணே, மலை இறங்குது."

"மலையா? எங்க இறங்குது, கடைத்தெருவுக்கா?"

அவன் படங்களை விரித்தான். மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படங்களைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கீழே நின்ற சின்னவளைப் பார்த்தார். "தம்பி, போன தடவையாச்சும் மூக்கை நம்பி எழுப்புன. இந்தத் தடவை ஏழு வயசுப் புள்ள கிறுக்குனதக் காட்டி என் காதுல பூ சுத்தறியே."

"கிறுக்கல் இல்ல, இம்சையிசம்" என்றாள் சின்னவள்.

"இம்சைதான், சரியாச் சொன்ன."

அவனுக்கு அசடு வழிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று கால் தயங்கியது. அதற்குள் சின்னவள் அவருடைய கைக்கு அடியில் நுழைந்து உள்ளே ஓடி, அவருடைய அடுப்படி ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டாள். "மாமா, இங்க வாங்க. தண்ணி என்ன கலர் தெரியுது?"

குழந்தை கூப்பிட்டதற்காகத்தான் அவர் போனார். குனிந்து பார்த்தார். "மண்ணு கலர்."

"நேத்து என்ன கலர்?"

 அவர் நிமிர்ந்து தன் அடுப்படிக் கதவைப் பிடித்து மெல்ல இழுத்தார். அது பாதியில் இடித்து நின்றது. மறுபடி இழுத்தார்.

"இது எப்பலேர்ந்து அண்ணே?" என்றான் அவன்.

"ரெண்டு மூணு நாளா" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருடைய குரலிலிருந்த கிண்டல் போயிருந்தது. ஆனாலும் ஒரேயடியாக விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஒரு ராத்திரிதானே, போயிட்டு வருவோம். ஆனா சைரன், இதுவும் உருளைக்கிழங்கா இருந்துச்சு, உன்னை நானே இந்த ஜன்னல் வழியாத் தூக்கிப் போடுவேன்" என்றார்.

அவர் சொன்னதால் மற்ற வீடுகள் கிளம்பின. மாடி வீட்டுத் தையலக்காதான் கடைசி. மடியில் ரவிக்கைத் துணி மூட்டையோடு படியில் உட்கார்ந்துகொண்டு, தையல் மெஷின் இல்லாமல் நகரமாட்டேன் என்றாள். அந்த இரும்பு மெஷினைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். கடைசியில் பெரியவள்தான் போய் அவள் கையைப் பிடித்து, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு, கூட வாங்க" என்றாள். அவள் எழுந்து வந்தாள்.

*

பள்ளிக்கூடக் கூடத்தில் அந்த இரவு ஒன்றும் நடக்கவில்லை. விடிந்தபோது அதைவிட மோசமானது நடந்தது. வெயில் அடித்தது.

அவ்வளவு சுத்தமான வெயிலை அந்த வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக வந்து பாயில் படுத்திருந்தவர்களின் முகத்தில் விழுந்தது. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக அவனைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு பையன் வாயைக் குவித்து மெல்ல சைரன் ஊதினான். பையனின் அம்மா அடக்கினாள், சிரித்துக்கொண்டே.

அவனால் உள்ளே இருக்க முடியவில்லை. பெண்கள் இரண்டு பேரையும் மருந்துக்கடைக்காரரின் மனைவியிடம் விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தான். அங்கிருந்து தூரத்தில் சரிவு தெரிந்தது. ஈரம் மினுங்க, பச்சையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. விழுந்து தொலையேன் என்று நினைத்தான். நினைத்த மறுகணம் உடம்பு கூசியது. அந்தச் சரிவுக்குக் கீழே அவன் மனைவியின் துணிமணி, எட்டுக் குடும்பத்தின் பாத்திரம் பண்டம், தையலக்காவின் பிழைப்பு எல்லாம் இருந்தன. தன் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனையும் மண்ணாகட்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று தோன்றியது. குடியிருப்புத் தெருமுனை வரை நடந்தான். மறுபடியும் அதே நினைப்புத்தான் வந்தது.

மீட்புப்படையிலிருந்து ஒரு பெண் அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் உச்சிச் சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது அவர் நடையில் வேகம் கூடியிருந்தது. "மேல ரோடு பிளந்திருக்கு. கை உள்ள போற அளவுக்கு. யாரும் கிட்டப் போகக்கூடாது" என்று சொல்லித் தெருமுனையில் கயிறு கட்டச் சொன்னார். அவனுக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. பாதி நிம்மதி, பாதி திகில்.

கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தையலக்காவைக் காணோம் என்று தெரிந்தது. அவன் யோசிக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினான். அதிகாரி கத்தியது காதில் விழுந்தது. குடியிருப்பு மாடிப்படியில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தையலக்கா. கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை.

"அக்கா, இறங்குங்க!"

"அஞ்சே நிமிஷம்ப்பா. தலையை மட்டும் கழட்டிக்கறேன். மெஷினோட தலை இருந்தாப் போதும், அடியை எங்கயாச்சும் வாங்கிக்கலாம்."

"அக்கா, கதவு ஏன் திறக்கலன்னு யோசிச்சுப் பாருங்க!"

அவள் யோசிக்கிற நிலையில் இல்லை. அவன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். அவள் குடையால் அவன் தோளில் அடித்தாள். அடிக்க அடிக்க இழுத்துக்கொண்டு வந்து கயிற்றுக்கு வெளியே விட்டான். அவள் சாலையோரத் திட்டில் உட்கார்ந்து, அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். உருளைக்கிழங்குக் கதையையும் அதிகாரிக்கு விளக்கமாகச் சொன்னாள்.

சொல்லி முடிக்கவில்லை. வெயில் நேராக உச்சியில் இருந்தபோது மலை இறங்கியது.

அவன் எதிர்பார்த்த மாதிரி இடி முழக்கமாக இல்லை. முதலில் பறவைகள்தான் கிளம்பின. பிறகு மரங்கள் நடக்க ஆரம்பித்தன. விழவில்லை, சாய்ந்தபடியே நின்றுகொண்டு, கூட்டமாகக் கீழ்நோக்கி நடந்தன. அவற்றுக்குப் பின்னால் பச்சை கிழிந்து சிவப்பு வந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது, லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல. எட்டு வீட்டு அடுப்படிகளும் ஒரே சமயத்தில் உள்ளே போயின. முன்பக்கச் சுவர்கள் மட்டும், ஜன்னல் திரைச்சீலைகளோடு, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

தையலக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நேத்தே நாலு பேரக் கூட்டிட்டு வந்து மெஷினைத் தூக்கியிருக்கலாமில்ல! தூக்கியிருக்கலாமில்ல!" என்று அழுதாள். சட்டையை விடவே இல்லை. அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி, கூடத்திலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்துத் தலைகளை எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணினார். மருந்துக்கடைக்காரர் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.  அவன் முதுகில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

*

சாயங்காலம் பாலத்தைத் திறந்தார்கள். அவன் மனைவி வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். இரண்டு பெண்களின் தலையையும் மாறி மாறித் தடவினாள். கூடத்தில் எல்லாரும் சின்னவளைச் சுற்றி நின்றார்கள். அவளுடைய மூன்று படங்களும் கைமாறி கைமாறிப் போய்க்கொண்டிருந்தன. அதிகாரி அவற்றைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். தையலக்காகூட மூக்கைச் சிந்திக்கொண்டு, "என் கண்ணே, உனக்கு நான் பாவாடை தைக்கறேன், மெஷின் வரட்டும்" என்றாள்.

மனைவியின் அக்கா வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே போக நான்கு பேரும் பேருந்தில் ஏறினார்கள். சின்னவள் அம்மா மடியில் விழுந்ததும் தூங்கிப்போனாள். பெரியவள் அவன் பக்கத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். மலை விழுந்ததிலிருந்து அவள் பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"என்னம்மா, பயந்துட்டியா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. கொஞ்ச தூரம் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "நீங்க அவளோடத மட்டும்தான் எடுத்தீங்க."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

"நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணு ஒண்ணா உரிச்சீங்க. என்னோடது அதுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

"செயலாளர்கிட்டக் காட்டணும்னு... அந்த அவசரத்துல தோணலம்மா."

"தெரியும். என்னோடது தப்பு. மரம் எல்லாம் நேரா வச்சேன். நானும் மூணு நாளா அதையேதான் பார்த்தேன். ரெண்டாம் நாள்லேர்ந்து சாய்ஞ்சிருந்த மாதிரிதான் இருந்துச்சு. நல்லா இல்லேன்னு நிமிர்த்தி வச்சேன்." பையின் வாரை முறுக்கினாள். "ஆனா நல்லா இருந்துச்சுப்பா."

"நல்லா இருந்துச்சு" என்றான். அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அது உண்மை. அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் யாரும் செய்தவற்றிலேயே அழகான பொருள்கள் அந்த மூன்று தாள்கள்தான். அவற்றை அவன் அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

அவன் முழங்கால் ஆடத் தொடங்கியது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.  மறுபடி வரையலாம் என்று சொன்னால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். சாலையோர விளக்குகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் விழுந்து நகர்ந்தன.

"முதல் நாள் வரைஞ்சதுல" என்றான், யோசித்து, "வானத்துல இடது பக்கம் ஒரு ஊதா வச்சிருந்த."

அவள் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.

"அதுக்குக் கீழ, பாறை மேல, வெள்ளையா..."

"இடது பக்கம் இல்ல" என்றாள் பெரியவள். "வலது பக்கம். பாறை மேல வச்சது மஞ்சள். வெள்ளையே நான் தொடல, முதல் நாள்."

"ஓடைக்குக்கூடவா?"

"ஓடைக்கு இளநீலமும் ரோஸும். பக்கத்துல பக்கத்துல வச்சா தூரத்துலேர்ந்து பார்க்க வெள்ளை மாதிரி தெரியும். நீங்க ஒழுங்காப் பார்க்கவே இல்ல."

"இல்லதான்" என்றான். "ரெண்டாவது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். ரெண்டாவதில் வானத்துக்கு முதலில் பஞ்சை எப்படிப் பிடித்தாள், எந்த இடத்தில் பச்சை கெட்டுப்போய் அதன்மேல் ஆரஞ்சை வைத்துச் சரிபண்ணினாள், சின்னவள் தட்டிவிட்ட தண்ணீர் எந்த மூலையில் ஒழுகி, அதையே எப்படி மழையாக ஆக்கிக்கொண்டாள் என்று மூலை மூலையாகச் சொல்ல ஆரம்பித்தாள். இடையில் அவன் ஏதோ தப்பாகச் சொன்னான். அவள் கோபமாகத் திருத்தினாள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது என்று மனைவி தோளைத் தட்டியபோது அவர்கள் இன்னும் மூன்றாவது படத்துக்கு வந்திருக்கவில்லை.